நூறு வெள்ளிக்கு எந்தப் படக்கதை?

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் பெரியம்மா மகள் போன மாதம் கூப்பிட்டார். "தம்பி, பையனுக்குப் பிறந்தநாள் வருது. கையில நூறு வெள்ளி வச்சிருக்கேன். காமிக்ஸ்னா உயிரை விடுறவன் நீ. எதை வாங்கலாம், சொல்லு." பையன் தொடக்கநிலை ஐந்து. ஆங்கிலத்தில் கிடைத்ததையெல்லாம் விழுங்குவான். தமிழ்ப் புத்தகத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அதே வாரம் அலுவலகத்தில் ஓர் இளைஞர் மதிய உணவின்போது, "அண்ணே, கிராஃபிக் நாவல்னு ஏதாச்சும் ஒண்ணு கனமா படிக்கணும். பறக்கிற மனுஷன் கதையெல்லாம் வேணாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அப்பாவின் பழைய நண்பர் கையைப் பிடித்து நிறுத்தினார். எழுபதைத் தாண்டியவர். "அந்த இரும்புக்கை மாயாவி இப்பவும் கிடைக்குமா தம்பி?"

கேட்டவர்கள் மூன்று பேர், கேள்வி ஒன்று. ஆனால் மூவருக்கும் ஒரே பட்டியலை நீட்டினால் இரண்டு பேராவது ஏமாந்துபோவார்கள். "உலகின் தலைசிறந்த பத்து" என்று சுற்றிவரும் பட்டியல்கள் என்னைப் பலமுறை ஏமாற்றியிருக்கின்றன. நூல் நன்றாகத்தான் இருக்கும். என் வீட்டுக்கு, என் மொழிக்கு, என் அலமாரிக்குப் பொருந்தாமல் போகும். அதனால், நூல்களைச் சொல்லுமுன் எதை வைத்து எடை போடுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

## எடைக்கற்கள்

முதலில் பார்ப்பது, கதை முடிகிறதா என்பது. ஒரே நூலில் முடிகிற கதைக்கும் 72 பாகம் ஓடுகிற கதைக்கும் நூறு வெள்ளி ஒரே நூறு வெள்ளியாக இருக்காது.

அடுத்தது பேச்சு பலூனுக்குள் இருக்கும் மொழி. நம் வீடுகளில் இது பெரிய விஷயம். தாத்தா தமிழில் படிப்பார், பேரன் ஆங்கிலத்தில் படிப்பான், நடுவில் இருப்பவர்கள் எதையும் படிக்க நேரமில்லை என்பார்கள். ஒரு புத்தகம் வீட்டில் எத்தனை கைகளுக்குப் போகும் என்பதை அந்த மொழிதான் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, திரும்பப் படிக்கத் தோன்றுமா? படக்கதையை முதல் தடவை படிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. கதை தெரிந்த பிறகும் படத்துக்காகப் புரட்டத் தோன்றினால்தான் கொடுத்த காசு செரிக்கும்.

நான்காவது, எங்கே, எப்படிக் கிடைக்கும்? விலையோடு தபால் செலவு, வரி, காத்திருப்பு, இடம் எல்லாவற்றையும் கூட்டியே பார்க்க வேண்டும். ஐந்தாவது, யார் கண்ணில் படும்? படம் போட்ட புத்தகம் என்றாலே பிள்ளைகளுக்கானது என்று எண்ணி, நடுக்கூடத்து மேசையில் வைத்துவிட்டுப் பிறகு சங்கடப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

## சிவகாசித் தொகுப்புகள்

தமிழ் காமிக்ஸ் என்றால் நம்மில் பலருக்குச் சிவகாசிதான். முத்து காமிக்ஸ் அங்கே 1972இல் தொடங்கியது. அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் 1962இல் தொடங்கிய கதை அது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். லயன் காமிக்ஸ் 1984இல் வந்தது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்து, ஜேம்ஸ் பாண்டையும் முகமூடி வீரர் மாயாவியையும் மலிவு விலையில் கொடுத்தது. ராணி நின்றுவிட்டது. லயனும் முத்துவும் இன்றைக்கும் வருகின்றன.

பழையதை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இப்போதைய இதழ்களைப் பார்த்தால் அசந்துபோவார்கள். பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலியக் கதைகள் முழு வண்ணத்தில், நல்ல தாளில் வருகின்றன. இத்தாலியின் டெக்ஸ் வில்லர் 1948இல் பிறந்தவர். அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களிடையே அவருக்குள்ள பெயர் தமிழில் 'இரவுக் கழுகு' ஆகி, வாசகர்களிடையே 'இரவுக் கழுகார்' என்ற மரியாதையோடு நிலைத்துவிட்டது. கேப்டன் டைகர் என்று நாம் அறிந்தவரை வரைந்தவர் ஜான் ஜிரோ. பாறையையும் புழுதியையும் வரைவதில் அவருக்கு இணையாக நான் இன்னும் ஒருவரைப் பார்க்கவில்லை. டைகர் கதைகளில் ஒரு நீண்ட வரிசையை 'மின்னும் மரணம்' என்ற பெயரில் ஒரே கனத்த தொகுப்பாக 2015இல் கொண்டுவந்தார்கள். நினைவை இழந்த ஒருவன் தோள்பட்டையருகே XIII என்ற ரோமன் எண் பச்சை குத்தப்பட்டுக் கரையொதுங்குவதில் தொடங்கும் 'இரத்தப் படலம்' முதலில் கறுப்பு வெள்ளைத் தொகுப்பாக வந்தது, பிறகு வண்ணத்திலும் வந்தது.

எடைக்கற்களை வைத்துப் பார்ப்போம். முடிவு உண்டா? தொகுப்பாக வாங்கினால் பெரும்பாலும் உண்டு. டெக்ஸ் கதைகள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருந்தாலும் ஒவ்வொரு சாகசமும் தனியாக முடிந்துவிடும். திரும்பப் படிக்க? ஜிரோவின் படங்களுக்காகவே நான் 'மின்னும் மரண'த்தை மூன்று தடவை புரட்டியிருக்கிறேன்.

மொழிதான் இங்கே உண்மையான பலம். கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது. நம் பிள்ளைகள் வகுப்பில் படிப்பது எழுத்துத் தமிழ், வீட்டில் காதில் விழுவது பேச்சுத் தமிழ். இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் பல பிள்ளைகள் தமிழை விட்டுவிடுகிறார்கள். 2005ஆம் ஆண்டு பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கூடியது. ஆனால் பேச்சுத் தமிழ் அச்சில் கண்ணில் படும் இடங்கள் குறைவு. பேச்சுக்குமிழ் அப்படிப்பட்ட ஓரிடம். மேலே கட்டத்துக்குள் எழுத்துத் தமிழில் வர்ணனை, கீழே பலூனில் ஒருவன் "அட, இவனா!" என்கிறான். இரண்டு தமிழும் ஒரே பக்கத்தில். 'டுமீல்', 'கும்', 'ணங்' இவையெல்லாம் எந்தத் தேர்வுத்தாளிலும் வராத தமிழ், ஆனாலும் தமிழ்தான்.

சரி, மறைந்திருக்கும் செலவுகள்? முதலாவது தபால். சிவகாசியிலிருந்து நேரடியாக வரவழைத்தால், கனமான தொகுப்புக்குத் தபால் செலவு புத்தக விலையை எட்டிப்பிடித்துவிடும். ஒரு முறை மூலைகள் நசுங்கி, ஒரு பக்கம் ஈரம் பட்டு வந்தது எனக்கு. பளபளக்கும் தாளில் ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது டெக்ஸின் பாதி முகம் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது, அச்சடிக்கும் படிகள் குறைவு. ஓர் இதழ் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பழைய இதழ்களுக்குச் சேகரிப்பாளர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். மூன்றாவது எழுத்தளவு. பிரெஞ்சில் நாலு சொல்லில் முடிந்தது தமிழில் நீள்கிறது, பலூன் அப்படியேதான் இருக்கிறது, எழுத்து சிறுத்துவிடுகிறது. அப்பாவின் நண்பருக்கு நான் முதலில் சொன்னது, "ஐயா, கண்ணாடியை மாத்திட்டு வாங்குங்க" என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை துப்பாக்கியும் குதிரையுமான ஆண்களின் உலகம். பழைய கதைகளில் ஆப்பிரிக்கரையும் செவ்விந்தியரையும் காட்டியிருக்கும் விதம் இன்றைக்குக் கண்ணை உறுத்தும். பிள்ளையோடு உட்கார்ந்து படித்தால் பேசிக்கொள்ளலாம். அப்படி உட்கார நேரமில்லாதவர்கள் லக்கி லூக்கில் தொடங்கட்டும். சிரிப்புக் கதை, தமிழில் நன்றாக எடுபடும். மோரிஸ் 1946இல் படைத்த பாத்திரம் இது. வாயில் எப்போதும் இருந்த சிகரெட்டை 1983இல் எடுத்துவிட்டுப் புல் ஒன்றைச் செருகினார். அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் அவரைப் பாராட்டியது. பழைய கதைகளில் சிகரெட் அப்படியே இருக்கும், பெற்றோர் கவனத்துக்கு.

## தமிழில் வந்த தனி நூல்கள்

சாகசம் வேண்டாம், வாழ்க்கை வேண்டும் என்பவர்களுக்குத் தமிழில் கையளவு நூல்களே உண்டு. ஆனால் அந்தக் கையளவும் நல்ல கையளவு.

மர்ஜானே சத்ரபி பிரெஞ்சில் எழுதி வரைந்த தன்வரலாறு 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை', 'ஈரான்: திரும்பும் காலம்' என்று இரண்டு நூல்களாகத் தமிழில் வந்தது. 1979 புரட்சியைப் பத்து வயதுப் பெண்ணின் கண்ணால் பார்க்கிறோம். தடித்த கறுப்பு, வெறும் வெள்ளை, நடுவில் சாம்பல் கிடையாது. முதலில் பார்க்கும்போது பிள்ளை வரைந்ததுபோல் இருக்கும். பத்துப் பக்கத்தில் அந்த எளிமைதான் நெஞ்சைப் பிசைகிறது. சித்திரவதைக் காட்சிகள் உண்டு, எனவே உயர்நிலை மூன்று, நான்குக்கு முன்னால் வேண்டாம்.

'பீமாயணம்' வேறு வகை. அம்பேத்கரின் வாழ்க்கையைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் இருவர் வரைந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 2011இல் வந்து, தமிழிலும் அதே பெயரில் வந்தது. கட்டங்களே இல்லை. பக்கத்தைப் பிரிப்பது கோண்டு வீடுகளின் சுவரில் வரையும் 'திக்னா' கோலங்கள். கனிவான பேச்சு பறவை உருவக் குமிழில் வரும். நஞ்சு கக்கும் பேச்சுக்குத் தேள் கொடுக்குடன் கூடிய குமிழ். தண்ணீர் கேட்கும் சிறுவனின் உடலே மீனாகிறது. படிக்கத் தெரியாத என் அப்பாயிகூட, யார் நல்லவன், யார் கெட்டவன் என்று குமிழைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

இவற்றின் செலவு விலையில் இல்லை, தேடலில் இருக்கிறது. பதிப்பு தீர்ந்தால் அடுத்தது எப்போது என்று தெரியாது. ஊருக்குப் போகிறவரிடம் சொல்லிவிட்டு, அவர் மறந்து, அடுத்தவரிடம் சொல்லி வாங்க வேண்டியதாகிறது. திரும்பப் படிக்கவென்றால் 'பீமாயணம்' பத்துத் தடவைக்குத் தாங்கும். 'ஈரான்' இரண்டு தடவை. இரண்டாவது தடவைதான் அதிகம் வலிக்கும்.

## நம் மண்ணின் கதைகள்

இங்கேயே வரையப்பட்டவற்றில் முதலிடம் எதற்கு என்பதில் யாருக்கும் பெரிய சண்டை இருக்காது. சன்னி லியூவின் 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்'. 2015இல் வந்தது. வெளியீட்டுக்கு முன்பாகத் தேசியக் கலைகள் மன்றம் 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது பெரிய செய்தியானது. புத்தகம் விற்றுத் தீர்ந்தது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் இலக்கியப் பரிசு, 2017இல் மூன்று ஐஸ்னர் விருதுகள். படக்கதை உலகில் ஐஸ்னர் என்றால் திரையுலகில் ஆஸ்கர் மாதிரி.

கதை என்னவென்றால், சார்லி சான் என்ற முதிய கார்ட்டூன் கலைஞர் தன் வாழ்நாள் படைப்புகளைக் காட்டுகிறார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. லியூ அவரைக் கற்பனை செய்து, ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு பாணியில் அவர் வரைந்ததாகத் தானே வரைந்திருக்கிறார். ஐம்பதுகளின் மாணவர் போராட்டம், இடதுசாரித் தலைவர் லிம் சின் சியோங், லீ குவான் இயூ, மலேசியாவுடன் இணைப்பு, பிரிவு எல்லாம் விலங்குக் கதையாகவும் ரோபோ கதையாகவும் எழுதுபொருள் கம்பெனி ஒன்றின் அலுவலக அரசியலாகவும் வருகின்றன. ரோபோ கதையில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ராட்சத இயந்திரத்துக்குச் சீனமொழி மட்டும்தான் புரியும். ஆங்கிலத்தில் கட்டளை போட்டால் அசையாது. மொழியை வைத்து ஊர் பிரிந்திருந்த காலத்தை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. கூடவே, அந்தக் காலத்துத் தமிழர்கள் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தேடிக்கொண்டே நான் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு மறைமுகச் செலவு, முன்னறிவு. லிம் சின் சியோங் யார் என்று தெரியாமல் படித்தால் பாதிச் சுவை போய்விடும். நூலின் பின்பகுதியில் குறிப்புகள் உண்டு, ஆனால் குறிப்பைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்க முடியாது. அலுவலக இளைஞருக்கு நான் கொடுத்த வேலை: முதலில் அவருடைய தாத்தாவிடம் ஐம்பதுகளைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு அப்புறம் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.

கனம் குறைந்தது வேண்டுமா? உணவங்காடி வாழ்க்கையை வைத்து ஓ யோங் ஹுவீ எழுதி, கோ ஹொங் டெங் வரைந்த 'டென் ஸ்டிக்ஸ் அண்ட் ஒன் ரைஸ்' இருக்கிறது. சாத்தே விற்றவரின் கதை, ஒரே மாலையில் முடியும்.

பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போனால் கார்ட்டூன் கலைஞர் லாட். 'கம்போங் பாய்' 1979இல் வந்தது. பேராக்கில் ஒரு மலாய்ச் சிறுவன் வளர்கிறான். ரப்பர் தோட்டம், ஆறு, ஈயம் தோண்டும் பெரிய இயந்திரம், திருட்டுத்தனமாக ஈயம் அரித்து அப்பாவிடம் மாட்டிக்கொள்வது. இது நம் கதை இல்லையே என்று வாங்காமல் இருந்தேன். ஒருநாள் நூலகத்திலிருந்து எடுத்துவந்ததை அப்பா பார்த்துவிட்டார். அவர் வளர்ந்ததும் பேராக்கில் ஒரு தோட்டத்தில்தான். ஆங்கில எழுத்தை ஒதுக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். ஈயவாளிகள் வரும் பக்கத்தில் நிறுத்தி, "இந்தச் சத்தம் ராத்திரி பூரா கேக்கும்டா" என்றார். அவர் பிள்ளைப் பருவத்தைப் பற்றி அதற்குமுன் எங்களிடம் பேசியதே இல்லை. அடுத்த வாரமே ஒரு பிரதி வாங்கிவிட்டேன். 1981இல் வந்த 'டவுன் பாய்' ஈப்போவில் நடக்கும் தொடர்ச்சி. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஆங்கில நூல்கள் பேச்சு வந்ததால் இன்னொன்றை இங்கேயே சொல்கிறேன், நம் மண் இல்லையென்றாலும். 'வன்னி', 2019. ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லிண்ட்சே போலக் வரைந்தது. ஆழிப்பேரலையிலிருந்து 2009 வரை ஒரு குடும்பத்தைப் பின்தொடர்கிறது. உயிர் பிழைத்தவர்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து உருவாக்கிய கற்பனைக் குடும்பம். பிள்ளைகள் உள்ள வீட்டில் மேல்தட்டில் வைக்க வேண்டிய நூல். நான் ஒரே இரவில் படித்தேன், திரும்ப எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதால் குறைந்த நூல் என்று சொல்ல மாட்டேன். என் மூன்றாவது எடைக்கல் பொய்த்துப்போகும் இடம் இது.

## ஜப்பானிய நெடுந்தொடர்கள்

பிள்ளைகள் கேட்பது இதைத்தான். பெரியவர்கள் பயப்படுவதும் இதற்குத்தான். வலமிருந்து இடமாகப் படிப்பதற்கு அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். பழக முடியாதது கணக்கு.

ஒரு பாகம் பதினைந்து வெள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'நருடோ' 72 பாகம், அதாவது 1,080 வெள்ளி. 'ஒன் பீஸ்' 1997இல் தொடங்கி நூறு பாகத்தைத் தாண்டி ஓடுகிறது. அதற்குக் கணக்குப் போடவே நான் பேனாவை எடுக்கவில்லை. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 27 பாகத்தில் முடிகிறது, 405 வெள்ளி. 'டெத் நோட்' முதன்மைக் கதை 12 பாகம், 180 வெள்ளி. பிறந்தநாள் நூறு வெள்ளியில் ஆறு பாகம் வாங்கலாம். ஏழாவது பாகத்துக்கு நீங்கள் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவர். வீவக அடுக்குமாடி வீட்டு அலமாரியில் 72 பாகம் ஒரு முழுத் தட்டுக்கு மேல் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாகங்களை ஒரே வரிசையில் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. பையன்கள் அதற்காகவும்தான் வாங்குகிறார்கள்.

எனவே நெடுந்தொடருக்கு நூலகம். 21 நாள் தவணை, நீட்டித்துக்கொள்ளலாம், கிளைகளில் வரிசை வரிசையாக இருக்கும். ஒரே தொல்லை, நான்காம் பாகம் ஜூரோங்கில் இருக்கும், ஐந்தாம் பாகம் யார் வீட்டிலோ இருக்கும். மின்னூலாக இரவல் பெறும் வசதியும் உண்டு. ஆனால் இரு பக்கம் விரியும் படத்தைக் கைத்தொலைபேசியில் பார்ப்பது சாவித்துவாரம் வழியாகத் தேரோட்டம் பார்ப்பதுபோல.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒசாமு தெசுகாவின் 'புத்தர்'. ஆங்கிலத்தில் எட்டே பாகம், முடிகிறது, திரும்பத் திரும்பப் படிக்கலாம். கபிலவஸ்துவும் கோசலமும் வரும் கதை நமக்கு அந்நியமாகவும் இருக்காது. ஓர் எச்சரிக்கை. புத்தர் என்ற பெயரைப் பார்த்து எங்கள் அம்மா பூசையறைப் பக்கத்து அலமாரியில் வைத்தார். முதல் பாகத்தில் மேலாடை இல்லாத பெண்கள் வந்ததும் அது என் அறைக்கு இடம் மாறியது.

## புராண, வரலாற்றுச் சிறுநூல்கள்

அமர் சித்திரக் கதையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அனந்த் பை 1967இல் தொடங்கியது. மலிவு, கெட்டி, ஒரே அமர்வில் முடியும், தாத்தா பாட்டிக்குப் பிடிக்கும். நல்லவர்களுக்கு வெளுத்த நிறமும் அசுரர்களுக்குக் கருத்த நிறமும் பூசுவது குறித்து நெடுநாளாக விமர்சனம் உண்டு. எனக்கும் அதில் வருத்தம்தான். மகாபாரதக் கிளைக்கதை ஒன்றைப் பிள்ளைக்குச் சட்டென்று அறிமுகப்படுத்த இதைவிட எளிய வழி இல்லை என்பதும் உண்மை. எட்டு வயதுக்குள் கொடுங்கள். பத்து வயதில் "இது சின்னப் பிள்ளைங்க புக்" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

## ஒரே பார்வையில்

| வகை | முடிவு | மொழி | திரும்பப் படிக்க | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| சிவகாசித் தொகுப்பு | உண்டு | தமிழ் | நன்றாக | தபால், ஈரம், சிறிய எழுத்து | தமிழ் வாசிக்கும் பெரியவர், சேர்ந்து படிக்கும் குடும்பம் |
| தமிழில் தனி நூல் | உண்டு | தமிழ் | நூலைப் பொறுத்து | தேடல் | பதின்மவயதினர், பெரியவர் |
| நம் மண்ணின் கதை | உண்டு | ஆங்கிலம் | மிக நன்றாக | வரலாறு தெரிந்திருக்க வேண்டும் | இங்கே வளர்ந்த எவரும் |
| ஜப்பானிய நெடுந்தொடர் | எப்போதோ | ஆங்கிலம் | ஓரளவு | அடுத்த பாகம், இடம் | நூலகம் பக்கத்தில் உள்ள பிள்ளைகள் |
| புராணச் சிறுநூல் | உண்டு | இரண்டிலும் | குறைவு | சீக்கிரம் வளர்ந்துவிடுவார்கள் | எட்டு வயதுக்குள் |

## விலைக்கா, இரவலா?

எல்லாவற்றையும் எடை போட்ட பிறகு என் வழக்கம் இதுதான். நூலகத்தில் எளிதாகக் கிடைப்பதற்குக் காசு கொடுப்பதில்லை. தீர்ந்தால் திரும்ப வராததற்குக் காசு கொடுக்கிறேன். ஜப்பானிய, அமெரிக்க நூல்கள் நாளைக்கும் ஆர்ச்சர்ட் சாலைக் கினோகுனியாவில் இருக்கும், நூலகத்திலும் இருக்கும். சிவகாசித் தொகுப்பு அடுத்த ஆண்டு இருக்காது. ஆகவே என் நூறு வெள்ளியில் அறுபதுக்கு மேல் தமிழுக்குப் போகிறது. இதில் மொழிப்பற்று கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு அதே பக்கம்தான் சாய்கிறது.

வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து, 400 வெள்ளிக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கும் பெரிய தளங்கள் பொருள் சேவை வரி பிடிக்கின்றன. 2024இலிருந்து அது 9 விழுக்காடு. தபாலையும் வரியையும் கூட்டினால் பல சமயம் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்கு நடந்துபோய் வாங்குவதே மலிவு. அங்கே நாலாம் மாடியில் பஷீர் கிராஃபிக் புக்ஸ் இருக்கிறது. ஓவியம், வடிவமைப்பு நூல்களுக்குப் பேர்போன கடை, அப்படியே புரட்டிப் பார்த்துவிட்டும் வரலாம். தமிழ்த் தொகுப்புகளுக்கு, ஊருக்குப் போகும் உறவினரின் பெட்டியில் இரண்டு கிலோ இடம் கேட்பதுதான் நான் அறிந்த மிக மலிவான தபால். பதிலுக்கு அவர் என்ன கேட்பார் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

## அந்த மூவருக்கும்

அப்பாவின் நண்பருக்கு என்னிடம் இருந்த 'இரும்புக்கை மாயாவி' மறுபதிப்பையே கொடுத்துவிட்டேன். மூன்று நாளில் திருப்பிக் கொடுத்தார். "அப்ப இவ்வளவு பெரிசா இருந்துச்சு தம்பி, இப்ப என்னமோ சின்னதா தெரியுது." கதை சிறுத்துவிட்டதா, எழுத்தா என்று கேட்டேன். சிரித்தார். அவருக்குப் பழைய மாயாவி வேண்டாம், புதிதாக ஒன்று வேண்டும் என்று புரிந்தது. அடுத்து 'மின்னும் மரணம்' போயிருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை.

அலுவலக இளைஞர் சார்லி சானை வாங்கினார். நூறில் பாதிக்குக் குறைவாகவே செலவு. மிச்சத்தில் லாட் வாங்கச் சொன்னேன், வாங்கியதாகத் தெரியவில்லை. 'பீமாயண'த்தை என்னிடமிருந்து இரவல் கொண்டுபோயிருக்கிறார்.

அக்கா மகனுக்குத்தான் அதிகம் யோசித்தேன். அவன் கேட்டது 'ஒன் பீஸ்'. அதற்கு நூலக அட்டையைக் காட்டினேன், ஈசூன் கிளை அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. வாங்கியது நான்கு லக்கி லூக், தமிழில். என்னிடம் ஒன்றின் ஆங்கிலப் பதிப்பும் இருந்தது, அதையும் சேர்த்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பான் என்பது என் சூது.

இரண்டு வாரம் கழித்து அக்கா குரல்செய்தி அனுப்பினார். பின்னால் பையனின் குரல் கேட்கிறது. லக்கி லூக் கதையில் வரும் டால்டன் சகோதரர்கள் நால்வருக்கும் நாலு குரல் மாற்றித் தாத்தாவுக்கு வாசித்துக்காட்டுகிறான், ஆங்கிலத்தில். தாத்தா மடியில் அதே பக்கம் தமிழில். "டேய், நீ சொல்றது இங்க வேற மாதிரி போட்டிருக்கேடா" என்கிறார் தாத்தா. "எங்க, காட்டுங்க" என்கிறான் அவன்.